திட்டத்தில் ஒரு வரி, பேரத்தில் இரண்டு சீட்டு

விருதுநகர் என்றதும் 1967 ஞாபகம் வரும். 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் காமராஜர் தோற்ற கதையை மேடைக்கு மேடை சொல்லியாகிவிட்டது. அதே தேர்தலின் இன்னொரு கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை. காங்கிரசுக்கு 41 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஓட்டு. சட்டசபையில் கிடைத்தது 51 இடம். தி.மு.க.வுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவான ஓட்டு, இடம் 137. தி.மு.க. 174 தொகுதிகளில்தான் நின்றது, கூட்டணி ஓட்டைச் சேர்த்தால் பாதியைத் தாண்டும் என்பது உண்மை. மக்கள் மாற்றத்தைத்தான் விரும்பினார்கள். ஆனால் முந்தி வந்தவனுக்கே முழுப் பந்தி என்ற இந்த முறை, அந்த விருப்பத்தை ஊதிப் பெருக்கித்தான் காட்டியது.

அந்தக் கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. சுமார் 4 சதவீத ஓட்டு, 234-இல் 11 இடம். கிட்டத்தட்ட ஓட்டுக்கேற்ற பங்கு. சட்டம் தராததைப் பேரம் தந்துவிட்டது. தமிழகத்தில் சிறு கட்சிகளின் தேர்தல் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

2000-இல் திருத்தப்பட்ட தன் கட்சித் திட்டத்தில் மார்க்சிஸ்ட் கட்சி விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தையும் திரும்ப அழைக்கும் உரிமையையும் கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது. உடனடிச் சீர்திருத்தமாகப் பகுதிப் பட்டியல் முறையைக் கோருகிறது. கோரிக்கை சரியானதுதான். நம் கேள்வி வேறு: இந்தக் கோரிக்கைக்காகக் கட்சி இதுவரை எதைப் பணயம் வைத்திருக்கிறது?

2014-இல் இடதுசாரிகள் தமிழகத்தில் தனித்து நின்றார்கள். இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளில் எதுவும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை, இடம் பூஜ்யம். 2024-இல் தி.மு.க. கூட்டணியில் மதுரை, திண்டுக்கல் என்று இரண்டு தொகுதி வாங்கி இரண்டிலும் ஜெயித்தது மார்க்சிஸ்ட் கட்சி. 39-இல் இரண்டு என்றால் ஐந்து சதவீதம். நேர்மையான விகிதாச்சார முறையில் தனியாக நின்றால் இது கிடைக்குமா? தோழர்களுக்கும் தெரியும், கிடைக்காது. ‘அதெல்லாம் சரி தோழர், இந்தத் தடவை எத்தன சீட்டு?’ என்று கீழ்மட்ட ஊழியர் கேட்பதில் தப்பில்லை. கட்சி அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. வெளியிடப்படும் உடன்பாட்டுத் தாளில் எண்ணிக்கை இருக்கும், கையெழுத்து இருக்கும். தேர்தல் முறையை மாற்றுவது பற்றி ஒரு வாக்கியம் இருக்காது.

இதற்கான விலை எங்கே கொடுக்கப்படுகிறது? சீட்டு கிடைக்காத ஊர்களில். விருதுநகர் மக்களவைத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். சிவகாசி, சாத்தூர் பட்டாசுப் பகுதியைத் திருமங்கலம், திருப்பரங்குன்றத்தோடு சேர்த்துத் தைத்த தொகுதி அது. 2009-இல் இடதுசாரிகள் வைகோவுக்காக மாணிக்கம் தாகூரை எதிர்த்து வேலை செய்தார்கள். 2014-இல் தனி. 2019-இலும் 2024-இலும் அதே மாணிக்கம் தாகூருக்காக வேலை செய்தார்கள். அதற்கு அரசியல் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் சங்கத்தில் சந்தா கட்டும் ஒரு பட்டாசுத் தொழிலாளியின் ஓட்டு, அவளுடைய ஓட்டாக எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2021-இல் சாத்தூரில் ம.தி.மு.க. வேட்பாளர் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் அந்த ஓட்டுகள் தி.மு.க.வின் ஓட்டுகள்.

2024-இல் இத்தொகுதியின் வெற்றி வித்தியாசம் 4,379. ஜெயித்தவருக்குப் போடாதவர்கள் பத்தில் ஆறு பேருக்கு மேல். பேரியம் தடை, சரவெடித் தடை பற்றி எல்லா வேட்பாளர்களும் பேசுகிறார்கள். அது தொழிலாளிக்கும் வயிற்றுப் பிரச்சினைதான். ஆனால் உள்குத்தகை, பீஸ் ரேட், தீக்காயச் சிகிச்சை என்று வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம்: நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது, அடுத்த வேலைநாளில் கம்பெனி வேன் வந்து நின்றது. நாலாயிரத்தில் முடிவாகும் தொகுதியில் எந்த வேட்பாளரும் முதலாளியைப் பகைத்துக்கொள்ள மாட்டார். மாநிலம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் உழைப்பாளி ஓட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் முறை இருந்தால்தான் அந்தப் பயம் கொஞ்சமாவது தளரும்.

விகிதாச்சாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதல்ல. இலங்கையில் 1978 அரசியலமைப்பு அதைக் கொண்டுவந்தது. கூடவே நிறைவேற்று அதிகார ஜனாதிபதியையும் கொண்டுவந்தது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், பணம் ஆறாய் ஓடியது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-இல் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 4 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டோடு மூன்று இடம் பெற்றது. சிறியதாக இருந்தாலும் அது சொந்தக் கணக்கு. 2024-இல் 225-இல் 159 இடம் பெற்றபோதும் கணக்கு சொந்தப் பெயரிலேயே இருந்தது. அவர்களுடைய அரசியலோடு, குறிப்பாகத் தமிழர் பிரச்சினையில், நமக்கு உடன்பாடு வேண்டியதில்லை. தன் ஓட்டைத் தானே எண்ணிப் பார்க்க முடிந்த கட்சி எப்படி வளர்கிறது என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது. பட்டியலை எழுதப்போவது யார்? மாநிலக் குழு அலுவலகத்தில் தயாராகும் மூடிய பட்டியல், இன்றைய சீட்டுப் பேரத்தைத் தலைமையின் மேசைக்கு மாற்றுமே தவிர, மருந்து அறையில் வேலை செய்யும் தலித் பெண்ணைச் சட்டசபைக்குக் கொண்டுபோகாது. திறந்த பட்டியலா, அதில் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் எந்த இடம் என்று கட்சி முதலில் தன் உறுப்பினர்களோடு விவாதிக்கட்டும். அடுத்த உடன்பாட்டுத் தாளில் எண்ணிக்கைக்கு மேலே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிக் கேட்கட்டும். பெரிய கட்சி மறுக்கும். மறுத்தது என்று விருதுநகரில் மேடை போட்டுச் சொல்லலாமே. அதைச் சொல்லத் துணியாதவரை, திட்டத்தில் உள்ள அந்த வரி கூட்டணிப் பேரத்துக்கு இடைஞ்சல் செய்யாத ஓர் அலங்காரம், அவ்வளவுதான்.