ஆர்எக்ஸ் 100-இன் சைலன்சர்

தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 போனால் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த வண்டி. அதன் அழகு டேங்க்கில் இல்லை, சைலன்சரில்தான் என்பேன்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு புகையோடு நழுவிவிடும். அதைத் தடுப்பது சைலன்சர்: அது அகலும் இடத்தில் எழும் அழுத்த அலை புகையை இழுக்கிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலையோ, நழுவிய கலவையை, வாசல் மூடுமுன் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வெறும் தகரத்தின் வடிவம் செய்கிற வேலை இது! அலை சரியாக வந்து சேரும் வேகத்தில்தான் வண்டி திடீரென்று சீறும்.

ஃபோர் ஸ்ட்ரோக் கதை வேறு. புல்லட்டுக்கு 'பேக் பிரஷர் வேணும்', அதாவது புகைக்குச் சற்று அடைப்பு வேணும் என்பார்கள். உண்மையில் அடைப்பு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நஷ்டமே. புகையை வெளியே தள்ளவே பிஸ்டன் சக்தியைச் செலவழிக்கிறது. ஆனால் சைலன்சரைக் கழற்றினால் குழாயின் அலைக்கணக்கும் கார்புரேட்டர் கலவையும் கெட்டு, இழுவை குறையலாம். பழி பேக் பிரஷர் மேல் விழுகிறது.

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சத்தத்துக்காகச் சைலன்சரில் துளை போடாதீர்கள். டூடி (2T) ஆயிலால் படிந்த கார்பனை மட்டும் அவ்வப்போது எடுக்கச் சொல்லுங்கள்.