ஒரு மணி நேரச் சிரிப்பு: மாட்ரிட்டின் மலிவு விலை இசை நாடகம்

ஸ்பெயினின் இசை நாடகமான சார்சுவேலா அரண்மனைப் பிள்ளை. மாட்ரிட்டுக்கு வெளியே முட்புதர் மண்டிய காட்டில் இருந்த அரச வேட்டை மாளிகையின் பெயரே அதற்கும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், நான்காம் ஃபிலிப் மன்னரின் அவைக்காக நாடகாசிரியர் கால்தெரோன் எழுதியவற்றில் கிரேக்கத் தெய்வங்கள் பாதி வசனமும் பாதி பாட்டுமாக உலவினார்கள். நகைச்சுவைச் சார்சுவேலாவின் வேரை அங்கே தேடுவது வீண் என்பது என் கருத்து. 1768இல் நாடகாசிரியர் ரமோன் தெ லா குரூஸ் வயேகாஸ் கிராமத்தில் கதிரறுக்கும் பெண்களை மேடைக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நாடக அங்கங்களுக்கு நடுவே ‘தொனதீயா’ என்ற குறும்பாட்டு நாடகங்கள் ஊர்வம்பைப் பாடிக்கொண்டிருந்தன. வேர் அங்கேதான் இருக்கிறது.

இத்தாலிய ஓபராவின் மோகத்தில் சில காலம் மங்கிக் கிடந்த சார்சுவேலா, 1850களில் மீண்டும் தலையெடுத்தது. பார்பியேரி, கஸ்தம்பீதே முதலான இசையமைப்பாளர்கள் கூடி முயன்று, 1856இல் அதற்கென்றே ஓர் அரங்கைத் திறந்தார்கள். பார்பியேரியின் ‘லவாப்பியேஸின் சின்ன நாவிதன்’ (1874) இன்றும் சலிக்காமல் கேட்கத்தக்கது. ஆனால் அது மூன்று அங்க நாடகம். மாலை முழுவதையும் கேட்கும். அதற்கேற்ற காசையும் கேட்கும்.

இந்தக் காசு விவகாரம்தான் அடுத்த திருப்பத்தை உண்டாக்கியது. 1860களின் இறுதியில் ஸ்பெயின் பொருளாதார நெருக்கடியில் தவித்தது. 1868இல் அரசி இரண்டாம் இசபெல்லே நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. அந்த நாட்களில் வயேஸ், லுகான், ரிகெல்மே என்ற மூன்று நடிகர்கள் ஒரு மாலையைத் துண்டு போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஓரங்க நாடகம், அதற்குத் தனிச்சீட்டு, விலை ஒரு ரியால். பட்டறைத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் அரங்குக்குள் வந்தார்கள். வந்தவர்கள் மேடையில் தங்களையே பார்க்க விரும்பினார்கள். இப்படி உருவான ஓரங்க இசை நாடகத்தை ‘ஹெனரோ சீக்கோ’, அதாவது சிறுவகை, என்றார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும் என்பதால் சுற்றிவளைப்புக்கு இடமில்லை. ஒரு தெரு, ஒரு சண்டை, நாலைந்து பாட்டு, சமாதானம்.

1886 கோடையில் அரங்கேறிய ‘கிரான் வியா’வில் இந்த வகை உச்சம் தொட்டது. சுவெக்காவும் வால்வெர்தேயும் இசையமைத்தார்கள். நகரின் நடுவே பெருஞ்சாலை ஒன்று வரப்போகிறது என்ற திட்டம்தான் பொருள். மாட்ரிட்டின் தெருக்களே பாத்திரங்களாக வந்து, தங்கள் கதி என்னவாகும் என்று புலம்புகின்றன. ‘எலிகள்’ எனப்படும் மூன்று ஜேப்படித் திருடர்கள் காவலர்களுக்குப் போக்குக்காட்டிப் பாடுகிறார்கள். 1888இல் இத்தாலியின் தூரின் நகரில் இதைக் கேட்ட தத்துவவாதி நீட்சே, அந்த எலிப்பாட்டில் சொக்கிப்போய் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மேடை கிண்டலடித்த சாலையின் வேலை 1910இல்தான் தொடங்கியது!

1894இல் மாட்ரிட்டின் அப்போலோ அரங்கில் ‘பலோமா திருவிழா’ வந்தது. அச்சுக்கோக்கும் இளைஞன் ஹுலியான், அவன் காதலி சுசானா, அவளைச் சுற்றும் கிழட்டு மருந்துக்கடைக்காரர் இலாரியோன்: இவ்வளவுதான் கதை. முதலில் சப்பி என்ற இசையமைப்பாளர் இதற்கு இசையமைப்பதாக இருந்து, அரங்க நிர்வாகத்தோடு பிணங்கி விலகினார். வேலை தோமாஸ் பிரெத்தோனுக்குப் போனது. ஸ்பானியப் பேரோபராவுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர். அவசரமாக எழுதிய இந்தச் சிறு நாடகத்தால்தான் இன்றும் அறியப்படுகிறார்.

சப்பி மூன்று ஆண்டுகளில் ‘லா ரெவோல்தோசா’ என்ற சிறு நாடகத்தோடு பதில் சொன்னார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். அந்நாளில் படைப்பாளிகள் உரிமையை மொத்தமாக விற்றுவிடுவார்கள். இசைப் பிரதிகளோ ஃபிஸ்கோவிச் என்ற ஒரே பதிப்பாளரின் பிடியில் குவிந்திருந்தன. சப்பியும் எழுத்தாளர் சினேசியோ தெல்காதோவும் 1899இல் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அந்தப் பிடியை உடைத்தார்கள்.

இந்த நாடகங்களில் ஏழைகள் பெரும்பாலும் சிரித்த முகத்தோடே வருகிறார்கள்; பசி அரிதாகத்தான் தலைகாட்டும். இது உண்மையான குறைதான். விலக்காக ஒன்றைச் சொல்லலாம். ஸ்பெயின் கியூபாவை இழந்த 1898இல் வந்த ‘கிகான்தெஸ் இ கபெசூதோஸ்’ சரகோசாவில் நிகழ்கிறது. சந்தைப் பெண்கள் வரியை எதிர்த்துப் பொங்குகிறார்கள். போர்முனைக் காதலனின் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் நாயகி தவிக்கிறாள். தாயகம் திரும்பும் சிப்பாய்கள் ஆற்றங்கரையில் பாடுகிறார்கள். நகைச்சுவை நாடகத்தில் அந்த இடம் தொண்டையை அடைக்கிறது.

சினிமாவும் கவர்ச்சி மேடையும் பார்வையாளர்களை இழுத்துக்கொண்டபின் சிறுவகை தளர்ந்தது. அப்போலோ 1929இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் வங்கிக் கட்டடம் எழுந்தது. 1856இல் கட்டிய சார்சுவேலா அரங்கு மட்டும் இன்றும் நடக்கிறது. புதிதாகக் கேட்க விரும்புவோர் மூன்று அங்க நாடகங்களைத் தள்ளிவைத்துவிட்டு ‘பலோமா திருவிழா’விலிருந்து தொடங்கலாம், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.