பொக்கை விழுந்த கத்தி பழுதான கத்தியா?

குக்ரி வாங்கினவங்க இணையத்துல எழுதற விமர்சனங்களைத் தொடர்ந்து படிச்சா ஒரு வழக்கம் புலப்படும். பெட்டி பிரிச்ச அன்னைக்கு ஒரு படம், பளபளப்பைப் பத்தி நாலு வரி, அஞ்சு நட்சத்திரம். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு படம். வாயில கடுகளவு ஒரு பொக்கை விழுந்திருக்கும். உடனே தீர்ப்பு வந்துரும்: இரும்பு சரியில்ல, காசு வீண், ஒரு நட்சத்திரம். என்னத்தை வெட்டினாங்க, பொக்கை வாயோட எந்தப் பகுதியில விழுந்தது, இரும்பு உடைஞ்சதா இல்ல மடங்கினதா, அதை எடுக்கப் பார்த்தாங்களா? இதுல ஒண்ணுக்கும் பதில் இருக்காது.

இது விமர்சனமே இல்லைங்கறது என் கட்சி. ஒரு கருவியை அது வேலை செஞ்ச விதத்தை வச்சுத்தான் மதிப்பிடணும். வேலை செய்யாத நிலையில அது எப்படி இருந்ததோ அதுதான் அளவுகோல்னு வச்சுக்கிட்டா, உறையை விட்டு வெளிய வராத கத்திதான் உலகத்துலயே சிறந்த கத்தி.

முதல்ல கத்தி எப்படி உருவாகுதுன்னு பாத்துரலாம். நேபாளத்துல கையால அடிக்கிற குக்ரிக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் பழைய லாரியோட வில் பட்டை. நம்ம ஊர் அரிவாளுக்கும் அதேதான். அந்த இரும்புல கரி அளவு ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். பாரம் தாங்கி வளைஞ்சு நிமிர்றதுக்குன்னே செஞ்ச இரும்பு அது. அதைப் பழுக்கக் காய்ச்சி, அடிச்சு வடிவம் கொண்டாந்து, திரும்பச் சூடேத்தி, சட்டுனு குளிர வைக்கணும். இந்தக் கடைசி வேலைக்குத் தோய்ச்சல்னு பேர். கத்தி முழுக்கத் தோய்ச்சா அது கண்ணாடி மாதிரி ஆயிடும், ஓங்கி ஒரு வெட்டு வெட்டினா ரெண்டா ஒடையும். தோய்க்காம விட்டா வாய் நிக்காது. அதனால நேபாளக் கொல்லர் ஒரு கெட்டில்ல தண்ணி எடுத்து, பழுத்த கத்தியோட வாய்ப்பக்கம் மட்டும் ஓடவிட்டு ஊத்துவார். வாய் கெட்டிப்படும், முதுகு மிருதுவா இருக்கும். அடியை முதுகு வாங்கிக்கும், வெட்டை வாய் பாத்துக்கும்.

இந்த முறைக்குள்ளயே ஒரு விளைவு ஒளிஞ்சிருக்கு. கை வேலைங்கறதால ஒரே கத்தியில இடத்துக்கு இடம் கெட்டித்தன்மை மாறும். வெட்டு விழுற வயித்துப் பகுதி நல்லா கெட்டியா இருக்கும். கைப்பிடிப் பக்கமும் நுனியும் கொஞ்சம் இளகி இருக்கும். ஆக, வாயில வர்ற சேதாரம் ரெண்டு விதம். கெட்டியான இடத்துல அடி பட்டா துணுக்கு தெறிச்சுப் பொக்கை விழும். இளகின இடத்துல அடி பட்டா வாய் ஒரு பக்கமா மடங்கிக்கும். ரெண்டும் ஒண்ணு கிடையாது. விமர்சனம் எழுதறவங்க ரெண்டையும் சேர்த்து ஒரே வார்த்தையில குறைபாடுன்னு எழுதிடறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். புதுக் கத்தியோட வாய் கடைசியா தேய்ப்புச் சக்கரத்துல சூடு பட்ட வாய். மெலிசான விளிம்புல சூடு சீக்கிரமா ஏறிடும். ரெண்டு மூணு தடவை கல்லுல தீட்டின பிறகுதான் அடியில இருக்கிற நல்ல இரும்பு வெளிய வரும். அதனால முதல் மாசத்துப் பொக்கையை வச்சு ஒரு கொல்லரோட வேலையை எடை போடுறது, முதல் ஈட்டுல பிஞ்சு போன இட்லியை வச்சு மாவைக் குறை சொல்ற மாதிரி.

நான் இருக்கிற பழங்காநத்தத்துல இதுக்குச் சாட்சி தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. ரவுண்டானா பக்கம் இளநீர் வெட்டுறவரோட அரிவாளை ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. வெட்டு விழுற அந்த நாலு விரல் அகலத்துல வாய் உள்வாங்கித் தேஞ்சிருக்கும். கைப்பிடிப் பக்கம் கிட்டத்தட்ட புதுசாவே இருக்கும். இடையில ரெண்டு மூணு சின்னப் பொக்கை. அதை வச்சுக்கிட்டே நாள் முழுக்க வெட்டுறார், மூணே வெட்டுல கண் திறக்குது. கறிக்கடையிலயும் இதே கதைதான். ஆனா அங்க ஒரு கூடுதல் பாடம் இருக்கு. வெட்டுறதுக்கு அடியில புளியமரக் கட்டையைப் போடுறாங்க. கத்தி இறங்கினா வாங்கிக்கும், எதிர்த்து அடிக்காது. அதே கத்தியைச் சிமெண்டுத் தரையில வச்சு எலும்பு வெட்டினா அன்னைக்கே வாய் போயிடும். பொக்கைக்குக் காரணம் கத்தியா, கட்டையா, கையான்னு பாக்காம தீர்ப்பு சொல்ல முடியாது. மரத்துல மாட்டின கத்தியை நேரா இழுக்காம பக்கவாட்டுல நெம்பினா, எந்த ஊர் இரும்பும் தெறிக்கும்.

அப்போ சேதாரத்தை எப்படிப் படிக்கிறது? கத்தியை வெளிச்சத்துக்கு நேரா, வாய் உங்களைப் பாக்குற மாதிரி பிடிங்க. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்க மினுங்குதோ அங்க மழுங்கியிருக்கு இல்ல மடங்கியிருக்கு. அடுத்து அரத்தை எடுத்து அந்த இடத்துல மெல்ல ஒரு இழுப்பு இழுங்க. அரம் வழுக்கினா இரும்பு கெட்டி, கடிச்சா இளக்கம்.

மடங்கின வாய்க்கு இரும்பைத் தேய்ச்சு எடுக்கவே வேண்டாம். குக்ரி உறையோட பின்னாடி ரெண்டு சின்னக் கருவி வருமே, அதுல ஒண்ணு கூரில்லாத சக்மக். அலங்காரம்னு நினைச்சு ஓரமா வச்சிடறாங்க. நல்லா தோய்ச்ச சக்மக்கை வாய் மேல அழுத்தி இழுத்தா மடங்கினது நிமிர்ந்துக்கும். சின்னப் பொக்கைக்கு ஒண்ணும் செய்யாம விடறதே நல்ல வைத்தியம். வழக்கமா தீட்டுற தீட்டுல அது தானா கரைஞ்சு போகும். ஒரு பொக்கைக்காக வாய் முழுக்க ரெண்டு மில்லிமீட்டர் தேய்ச்சு எடுக்கிறது, கத்தியோட ஆயுசுல சில வருஷத்தை ஒரே நாள்ல செலவு பண்றது. பெரிய பொக்கைன்னா அரம், அப்புறம் கல். வாயோட வளைவு மாறாம, ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும். அதுக்கும் மேலன்னா பட்டறைதான்.

செய்யவே கூடாத ஒண்ணு உண்டு. மோட்டார் சக்கரத்துல தண்ணி தொடாம அழுத்திப் பிடிக்கிறது. பொறி பறக்கும், பாக்க நல்லா இருக்கும். விளிம்புல நீல நிறம் ஏறினா கிட்டத்தட்ட 300 டிகிரி தொட்டாச்சுன்னு அர்த்தம். கொல்லர் போட்ட தோய்ச்சல் அந்த இடத்துல இளகிப்போச்சு. அடுத்த தடவை அந்த இடம் மடங்கும், திரும்பவும் கத்தி மேலதான் பழி விழும்.

இதெல்லாம் தொழில்நுட்பம். இதுக்குப் பின்னாடி இருக்கிற கேள்விதான் எனக்கு முக்கியம்: ஒரு பொக்கை எப்போ குறைபாடா மாறிச்சு?

நம்ம கிராமங்கள்ல கொல்லருக்கு ஒவ்வொரு பொக்கைக்கும் கூலி குடுக்கிற வழக்கம் இருந்ததில்ல. அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல்லா அளந்து ஒரு பங்கு போகும். அந்தப் பங்குக்குப் பேரே சுதந்திரம். கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டுறது, கொழு அடிக்கிறது, மழுங்கினதைத் தோய்ச்சுக் குடுக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். அந்த ஏற்பாட்டைப் பொற்காலமா காட்ட நான் வரல. பரம்பரைக் கட்டாயம், அளக்கிறவர் தயவு, கேட்டு வாங்க முடியாத கூலி எல்லாம் அதுல இருந்துச்சு. ஆனா அங்க ஒரு கருவி விக்கிறதோட கதை முடியல. செஞ்சவரும் வெட்டுறவரும் வருஷம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பொக்கைங்கறது அடுத்த சந்திப்புக்கான காரணம். செஞ்சவர் ஒரு நாட்டுல, வெட்டுறவர் இன்னொரு நாட்டுலன்னு ஆனப்போதான் அதே பொக்கை புகாரா மாறிச்சு.

அந்தப் புகார் யார் தலையில விழுதுன்னு பாருங்க. குக்ரி நேபாளத்தோட அடையாளம். 1815லிருந்து ஆங்கிலேயர் படையில சேர்ந்த கூர்க்காக்களோட சின்னத்துல அது குறுக்கும் நெடுக்குமா நிக்குது. அதைப் பரம்பரையா அடிச்ச காமி சமூகத்தை அதே நாட்டுல தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வச்சாங்க. 1963ல சாதிப் பாகுபாட்டுக்கு இருந்த சட்ட அங்கீகாரம் போச்சு, 2011ல தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்துச்சு. கத்திக்குக் கிடைச்ச மரியாதை கைக்குக் கிடைக்க இவ்வளவு காலம். இப்போ ஒரு நட்சத்திரம் குடுக்கிறவர் பேரும் அந்தக் கைக்குத் தெரியாது, பதில் எழுதவும் அந்தக் கைக்கு வழியில்ல.

நம்ம பக்கம் கதை வேற. மதுரையிலிருந்து மானாமதுரை போற வழியில இருக்கிற திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். அந்தப் பேரை சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து வெட்டுக்குத்தோட ஒட்ட வச்சாச்சு. மதுரையைக் களமா வச்ச படங்கள்ல வர்ற அரிவாளைக் கவனிங்க. எப்பவும் மின்னும். தேஞ்ச வாய் இருக்காது, பூண் கழண்டிருக்காது, கைப்பிடியில வியர்வைக் கறுப்பு இருக்காது. முள்ளு வெட்டின, பாளை சீவின, தேங்காய் உடைச்ச எந்தத் தடயமும் இல்லாத அரிவாள் ஒரே வேலைக்குத்தான் இருக்க முடியும்னு பாக்குறவங்க மனசு முடிவு கட்டிடும். நேர்த்திக்கடனா கருப்பசாமிக்குச் செலுத்துற அரிவாளுக்கு மினுமினுப்பு பொருந்தும், அது வெட்டப் போறதில்ல.

சட்டம் இந்த விஷயத்துல நம்ம விமர்சகர்களை விடத் தெளிவு. 1962 ஆயுத விதிகள் குக்ரியைப் பேர் சொல்லியே பட்டியல்ல வச்சாலும், 9 அங்குலத்துக்கு மேல நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல அகலம்னு அளவு சொன்னதோட நிக்கல. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்கு குடுத்துச்சு. அதாவது பயன்தான் வித்தியாசம். 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு முழுக்கக் காவல்துறை சோதனை நடத்தினப்போ, அரிவாள் வாங்குறவங்க பெயர், முகவரியைப் பட்டறைகள் பதிவு செய்யணும்னு அறிவுறுத்தினாங்க. கொலைகள் நடந்த சமயம், அதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு விவசாயி பொக்கை எடுக்க அரிவாளைத் துணியில சுத்திப் பேருந்துல கொண்டுபோகவே கூச்சப்படுற நிலைமை வந்தா, பட்டறைக்கு முதல்ல நிக்கிறது பழுது பாக்குற வேலைதான். தீட்டுறதும் தோய்க்கிறதும்தான் பட்டறையை வருஷம் முழுக்க நடத்துற வேலை. அது நின்னா உலை அணையும்.

கத்தி விமர்சனம் எழுதறவங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. ஆறு மாசம் வேலை வாங்கிட்டு எழுதுங்க. வெட்டின மரம் எது, அடியில என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. பொக்கையா மடிப்பான்னு சொல்லுங்க. எதை வச்சு எடுத்தீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, எடுத்த பிறகு எப்படி வெட்டுதுன்னு சொல்லுங்க. ஒரு அரமும் ஒரு கல்லும் வச்சே சரி பண்ண முடிஞ்சா அதை நல்ல கத்தின்னு எழுதுங்க. பாதி வாய் பிளந்துக்கிட்டுப் போனா, தாராளமா ஒரு நட்சத்திரம் குடுங்க. அப்போ அந்த ஒரு நட்சத்திரத்துலயும் கொல்லருக்குக் கத்துக்க ஏதாவது இருக்கும்.