சித்த சுவாதீனமும் சட்டத் தமிழும்

செயலைச் செய்த நேரத்தில் மனம் சீராக இல்லாமையால் அச்செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதிருந்தவர் செய்தது குற்றமாகாது என 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. இதிலுள்ள ‘அன்சவுண்ட்னஸ் ஆஃப் மைண்ட்’ என்னும் தொடருக்குச் சட்டம் வரையறை தரவில்லை. தமிழாக்குவோர் மனநோய், மனநலம் குன்றிய நிலை, சித்த சுவாதீனமின்மை என்பவற்றை ஒன்றற்கொன்று மாற்றாகக் கையாளக் காண்கிறோம். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல.

மனநோய் என்பது மருத்துவச் சொல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதனைச் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு முதலியவற்றில் தோன்றும் கணிசமான கோளாறு என வரையறுக்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தால் நேரும் மனக்கோளாறுகளைச் சேர்க்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை விலக்குகிறது. சிகிச்சைக்கும் உரிமைக்கும் வகுத்த வரையறை இது. குற்றவியல் விதியில் இச்சொல்லை இட்டால், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர் பாதுகாப்பை இழக்க நேரும். இது வெறும் கற்பனை அச்சமன்று. 2023 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்ட மசோதாவில் மனநோய் என்பதே இடம்பெற்றிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைக்குப் பின்னர் டிசம்பரில் பழைய தொடர் மீண்டது. நோயுற்றோர் அனைவரும் தண்டனைப் பொறுப்பினின்று விடுபடுவதில்லை என்பதை ஹரி சிங் கோண்டு வழக்கில் (2008) உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

மனநலம் குன்றிய நிலை என்பது மனவளர்ச்சி குன்றிய நிலையோடு எளிதில் மயங்கும். அதனை விட்டுவிடலாம்.

சித்த சுவாதீனமின்மை பழகிய சொல். பத்திரங்களிலும் உயில்களிலும் ஊறியது. ஆயினும் சுவாதீனம் என்பது தன்வயப்பட்டிருத்தல், அதாவது கட்டுப்பாடு. விதி கேட்பதோ அறிதலைப் பற்றி. தான் செய்வது கொலை என்றும் குற்றம் என்றும் அறிந்தவன், உந்துதலை அடக்க இயலவில்லை என்று மட்டும் கூறினால் இந்தியச் சட்டம் அவனை விடுவிப்பதில்லை. அவனும் தமிழ் வழக்கில் சுவாதீனம் இழந்தவனே! சட்டம் தராத விலக்கினை மொழிபெயர்ப்பு தந்துவிடுகிறது. விதியில் காரணம் ஒன்று, விளைவு ஒன்று என இரு கூறுகள் உள. அறிய இயலாமை என்னும் விளைவை விதியே தனியே சொல்லிவிடுவதால், காரணத்தைக் குறிக்கும் சொல் நோயையோ கட்டுப்பாட்டையோ சுமக்க வேண்டியதில்லை. மனச்சீரின்மை என்பது அவ்வகையில் பொருந்தும் என்பது என் கருத்து. செவிக்குப் புதிது என்பதொன்றே அதன் குறை.

சிக்கல் மிகுவது சாட்சியத்தில்தான். தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகும் வாக்குமூலம் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாகிறது. ‘அவனுக்கு மனசு சரியில்லை’ என்பது துயரத்தையும் குறிக்கும், பித்தையும் குறிக்கும். ‘புத்தி சரியில்லை’ என்பது சில வேளைகளில் வெறும் வசையே. மெய்ப்பிக்கும் பொறுப்போ குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சார்ந்தது. தாஹ்யாபாய் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம், செயலுக்கு முன்னும் செயலின்போதும் பின்னும் நிலவிய சூழல்களைக் கொண்டே மனநிலையைத் துணிய வேண்டும் என்றது. ஆதலின் பெயர்ப்பாளர் இவ்விடங்களில் நோய்ப்பெயர் சூட்டாது, உறங்காமல் அலைந்தான், உறவினரை அடையாளம் காணவில்லை என்றாற்போலச் சாட்சி கண்டு கூறியவற்றைக் கூறியவாறே பெயர்த்தல் வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்பதை மூலத்தொடராகவே ஒலிபெயர்த்து நிறுத்துவதிலும் தவறில்லை.