ஜாவாப்: கிளாஸ் ஃபைலின் உட்புறம்

திருப்பதியிலும், பக்கத்துச் சித்தூரிலும் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளில் ஜாவா தெரியாதவர் குறைவு. ‘ஜாவாப்’ ஓட்டிப் பார்த்தவர் அதைவிடக் குறைவு என்பது என் சந்தேகம். ஜேடிகே-வோடு கூடவே வரும் கட்டளைதான். கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலைக் கொடுத்து ‘மைனஸ் சி’ போட்டால் பைட்கோடை விரித்துக் காட்டும். இரண்டு முழு எண்களைக் கூட்டித் தரும் மெத்தடா? ஐலோட், ஐலோட், ஐஆட், ஐரிட்டர்ன். நாலே வரி, என்ன சிக்கனம்!

பைட்கோடில் இன்னொன்றும் தெரியும்: கூட்டல் குறி போட்டு ஸ்டிரிங்குகளை ஒட்டிய இடத்தில், ஜாவா 8-இன் கம்பைலர் ஸ்டிரிங்பில்டரை வைக்கும். 9 முதல் இன்வோக்டைனமிக். நாம் எழுதிய வரியில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

‘மைனஸ் வி’ போட்டால் மேஜர் வெர்ஷன் தெரியும்: 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் 17. சர்வரில் புரோகிராம் ஓட மறுத்தால், யாரையும் திட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.