கையில் கிரீஸ், காதில் டப் டப்

சனிக்கிழமை விடிந்தால் எனக்கும் என் பெண்ணுக்கும் கால் தரையில் நிற்காது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பழைய என்ஜின் பைத்தியங்கள் கூடும் இடம். பைத்தியம் என்று செல்லமாகத்தான் சொல்கிறேன். இப்போது நானும் அதில் ஒருத்தி.

இந்தப் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. கின்சர்ஸ் ஊரில் 'ரஃப் அண்ட் டம்பிள்' என்ற பழைய எந்திர ஆர்வலர் சங்கம் 1948 முதல் இருக்கிறது. ஆகஸ்டில் அவர்கள் நடத்தும் கதிரடிப்பு விழாவில் நீராவி என்ஜின்கள் கரும்புகை விட்டுக்கொண்டு நிஜமாகவே கதிரடிக்கும். அங்கே வாயைப் பிளந்து நின்ற எங்களிடம் யாரோ இந்தக் கொட்டகையைப் பற்றிச் சொன்னார்கள். சின்ன குழு, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் தொழில் சொல்லிக்கொடுக்கிற அழகு இருக்கிறதே, அடடா!

சட்டம் ஒன்றே ஒன்று: சொல்லிக்கொடுப்பவர் ஸ்பானரைத் தொடக் கூடாது. எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட்தான் எங்கள் வாத்தியார். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நாம் திணறினால் பார்ப்பார், சிரிப்பார், ஒரு வார்த்தை சொல்வார். கை மட்டும் வெளியே வராது.

எங்களுக்குக் கிடைத்தது ஜான் டீர் 'இ' மாடல், ஒன்றரைக் குதிரைசக்தி. அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் 1923 முதல் 1946 வரை தயாரித்தார்கள். தண்ணீர் இறைக்க, சோளம் உதிர்க்க, துணி துவைக்கும் எந்திரத்தை ஓட்ட என்று, கரண்ட் வராத பண்ணைகளில் எல்லா வேலைக்கும் இதுதான். ஓடும் விதமே தனி ரகம். வேகம் போதுமென்றால் கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். சிலிண்டருக்குள் உறிஞ்சல் இல்லாததால் இன்டேக் வால்வு திறக்காது, பெட்ரோலும் போகாது. ஃப்ளைவீல் இரண்டும் சும்மா சுற்றும். வேகம் குறைந்ததும் பிடி விடும், ஒரே ஒரு வெடி. டப்... ஃபூ, ஃபூ, ஃபூ... டப்! கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. என்ன மூளை!

எங்களுடையது இறுகிப்போன என்ஜின். பிஸ்டனைக் கழற்றிய கதை நீளம், விடுங்கள். எண்ணெயும் பொறுமையும் ஜெயித்தன. துருப்பிடித்த சில்லறைச் சாமான்களை சலவைசோடாத் தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அவற்றுக்கும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்தோம். துரு தளர்ந்து, தேய்த்ததும் கையோடு வந்தது. எவர்சில்வர் தகட்டை மட்டும் கிட்டவே கொண்டுவரக் கூடாதாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கிவிடும்.

நான் சொக்கிப்போனது பேரிங் வார்த்த அன்றுதான். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது பாபிட், நம்மூர்ப் பட்டறைகளில் ஒயிட் மெட்டல். ஐசக் பாபிட் என்பவர் 1839இல் கண்டுபிடித்தது. வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமணியும் செம்பும். முதலில், ஷாஃப்டில் ஒட்டாமலிருக்க அதன்மேல் புகைக்கரி படியவிட்டோம். இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தோம். ராடைச் சூடாக்கினோம். எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் ஆவி சீறி, உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும்.

உருகிய உலோகம் பதத்துக்கு வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? வாத்தியார் ஒரு பைன் மரக் குச்சியை என் பெண்ணிடம் கொடுத்தார். "முக்கி எடு. கருகணும், தீப்பிடிக்கக் கூடாது." குச்சி கருகியது. அவள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு நகர்ந்து நிற்க, நான் கரண்டியை எடுத்து நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்றினேன். வெள்ளிபோல் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி இறுகியது. கை தட்டாதவர் கொட்டகையில் யாருமில்லை!

அப்புறம் சுரண்டல். ஷாஃப்டில் நீல மை தடவி, பேரிங்கைப் பூட்டிச் சுற்றிக் கழற்றினால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். ஸ்கிராப்பரால் அதை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி சீவல். புள்ளிகள் பரப்பு முழுக்கச் சீராகப் பரவும்வரை விடக் கூடாது. மற்றவர்களுக்கு இது அலுப்பு, எனக்கு சொர்க்கம். காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டில் எங்கள் அப்பாரு கிணற்றடியில் ஆயில் என்ஜின் வைத்திருந்தார். பொட்டைப்பிள்ளைக்கு என்ஜின் கொட்டகையில் என்ன வேலை என்று விரட்டிவிடுவார்கள். இங்கே கிரீஸ் அப்பிய கையோடு நிற்கிற என் பெண்ணை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் என்ஜின் இப்போது ஓடுகிறது. ஃப்ளைவீலைச் சுற்றிக் கிளப்பிவிடுவது என் பெண்தான், எனக்கு முறையே வருவதில்லை.

உங்கள் தோட்டத்திலும் பழைய ஆயில் என்ஜின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஊரில் வயதான ஃபிட்டர் யாராவது இருப்பார், அவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஸ்பானரை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.