தடம் பதித்தவரும் துணை நடந்தவரும்

புனித சவேரியாரின் வாழ்வை எழுதியோர் பலர். அவர் நடந்த வழியை நாள் கணக்கில் அளந்தவர்களுள் தலைமையானவர் ஜெர்மானிய இயேசு சபைத் துறவி கெயோர்க் ஷுர்ஹாமர். 1955இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருநூல், 1973 முதல் 1982 வரை நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வந்தது. எந்நாளில் எவ்வூரில் எவரோடு புனிதர் இருந்தார் என்பதை அவர் ஆவணங்கொண்டே நிறுவுகிறார். புதுமைகளையே அடுக்கிச் சென்ற பழைய சரிதைகளுக்குப் பின், இவ்வுழைப்புக்கு நாம் பெரிதும் கடன்பட்டவர்கள்.

1544இல் மான்சிலாசுக்குப் புனிதர் எழுதிய சிறு கடிதங்களைப் பாருங்கள். மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, தூத்துக்குடி என அவற்றில் வரும் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினாலே முத்துக்குளித்துறையின் படம் உருவாகிவிடும். அவ்வாண்டு ஜூனில் வடுகப் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பக்கம் ஓடிய மக்களுக்கு 20 தோணிகளில் உணவு கொண்டுசெல்ல அவர் புறப்பட்டதும் அக்கடிதங்களில் உண்டு.

ஆயினும், இத்தகைய நூல்களைக்கொண்டு வரையப்படும் படங்களில் ஒரேயொரு கோடுதான் ஓடுகிறது. புனிதர் தனியே நடந்தாரா? 1542இல் கோவாவிலிருந்து அவருடன் வந்தவர்கள் இக்கடற்கரையிலேயே பிறந்த மூன்று மாணவர்கள். செபங்களைத் தமிழில் அமைத்தவர்கள் இருமொழியும் அறிந்த உள்ளூரார். 1544 ஆகஸ்டில் புன்னைக்காயலிலிருந்து எழுதுகையில், துபாசியின்றித் தவிப்பதாகவும், அந்தோனி மணப்பாட்டில் நோயுற்றிருப்பதாகவும், ரொட்ரிகோவும் அந்தோனியுமே தம் துபாசிகள் என்றும் குறிப்பிடுகிறார். அவர்கள் இல்லாத நாளில், பேச வந்தவர் பேச்சற்றவரானார்.

ஷுர்ஹாமர் இப்பெயர்களை மறைத்தாரில்லை. ஆனால் ஒருவரை நடுவில் நிறுத்தும் சரிதையில் மற்றவர்கள் ஓரத்திற்கே ஒதுங்குகின்றனர். உறவுகளை முதலில் வரைந்தால், வழி ஏன் திரும்பியது என்பதும் விளங்கும். 1545இல் மயிலையில் நான்கு திங்கள் தங்கிச் செபித்த பின்னரே புனிதர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1547இல் அங்கு அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்திராவிடில், 1549இல் ககோஷிமா சென்றிருப்பாரா? 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் அவர் உயிர்நீத்தபோது அருகிருந்தவர் அந்தோனி என்னும் சீனர். அந்த இறுதி நாள்களை உலகம் அறிவது அவர் சொன்னதால்தான்.

முகப்பேர் போன்ற புதுக்குடியிருப்புகளில் பணியாற்றும் எமக்கு இது பழங்கதையன்று. பல ஊர்களிலிருந்து வந்தவர்களால் ஆனது இப்பங்கு. எம் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு அருகே பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும், திருமணப் பதிவேட்டில் சாட்சிகளின் பெயர்களும் உண்டு. திருமணங்களைப் பதிவு செய்யும்படி 1563இல் திரிதெந்து சங்கம் பணித்தது. எவர் எவருக்குத் துணைநின்றார் என்பதைச் சொல்லும் ஏடுகள் இவை. நாளைய வரலாற்றாசிரியர் பெரியோரின் கடிதங்களோடு இவற்றையும் புரட்டட்டும். அப்போது ரொட்ரிகோக்களுக்கும் அந்தோனிகளுக்கும் படத்தில் இடம் கிடைக்கும். புனிதரின் பெருமை அதனால் குறையாது.